உறவினர் மேற்பார்வை செல்லாது

கோல்டர் க்ரீக், மொன்டானா
4 அக்டோபர் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ பின்னி அனுப்பிய காலுறை வந்தது. இங்கே இப்போதே பனி.

டாக்டர் பட்டம் வாங்கியும் என் அறைக் கதவில் 'உளவியலாளர்' என்று போட்டுக்கொள்ள முடியாது. உரிமம் தர மாநில வாரியம் இன்னும் ஒரு வருட மேற்பார்வைப் பயிற்சி கேட்கிறது. வாராவாரம் டாக்டர் வெண்டெல் க்ரோக் முன்னால் உட்கார்ந்து, ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் என்ன பேசினேன் என்று ஒப்பிக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது கணக்கில் சேரும். இந்த வட்டாரத்தில் உரிமம் உள்ளவர் அவர் ஒருவர்தான். மனைவியை இழந்தவர், நல்லவர். ஆனால் அவர் காப்பி உறிஞ்சினால் சுவர் அதிரும். அடுத்த வாரம் கூட்டத்துக்காக உன் ஊர் பில்லிங்ஸுக்கு வருகிறார். அவர் கையில் ஜாம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு வாய் சாப்பாடு போடு, பாவம்.

உன் கார்லா

பில்லிங்ஸ்
11 ஜனவரி 1987

என் கண்ணே கார்லா,

ஜாம் கொண்டுவந்த மனிதர் அதற்குப் பிறகும் வந்தார், வந்துகொண்டே இருக்கிறார். சிரிக்காதே. அந்தக் காப்பிச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே, "சிக்னி, என்னைக் கட்டிக்கிறீங்களா? ஈஸ்டர் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்றார்.

"இந்த வயசுல ஊர் சிரிக்குமே!"

"சிரிக்கட்டுமே. கேக்கு வெட்டப்போறது நாமதானே?"

உன்னிடம் தானே சொல்வதாக இருந்தார். நான் முந்திக்கொண்டேன். உன் அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, அவர் போய்ச் சேர்ந்த பிறகும், நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

கோல்டர் க்ரீக்
16 ஜனவரி 1987

அம்மா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கல்யாணம் செய்துகொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் வாரிய விதிப்படி உறவினர் மேற்பார்வை செல்லாது. அவர் உன் கணவரானால் எனக்குக் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த ஆள் மலைக்கு அந்தப் பக்கம், மிஸ்ஸூலாவில். அங்கே போனால் இந்த வேலை போகும், இங்கேயே இருந்தால் உரிமம் போகும். என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கும் வேறு நாதியில்லை.

அக்டோபர் வரை பொறுத்துக்கொள். யாரிடமும் மூச்சு விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

கார்லா

பில்லிங்ஸ்
2 பிப்ரவரி 1987

அன்புள்ள கார்லா,

நீ எழுதியதை வெண்டெலிடம் சொன்னேன். "மனசுல வெச்சுக்கிட்டு வெளியில காட்டாம இருந்தா அதுவும் பொய்தான், சிக்னி. ஒண்ணு, நான் உங்க வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. இல்ல, அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது" என்றார்.

"அப்ப வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். போனும் கூடாதாம்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா

கோல்டர் க்ரீக்
10 ஜூன் 1987

அன்புள்ள அம்மா,

செவ்வாய்க்கிழமை தவறாமல் அதே அறை. உன் பெயரை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஆள் மெலிந்துவிட்டார். போன வாரம் ஒரு பெண்ணிடம், "மனசுல இருக்கிறத வீட்டுல சொல்லிடுங்க" என்று புத்தி சொன்னேன். அதை அவரிடம் ஒப்பித்தபோது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது?

இன்னும் நான்கே மாதம். நீ ஏன் எழுதுவதே இல்லை?

கார்லா

பில்லிங்ஸ்
22 ஜூன் 1987

கார்லா,

உன் அப்பா எழுந்து நடப்பார் என்று காத்திருந்தேன். பிறகு உன் படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு ஒரு சமையலறை போதும்.

மெலிந்துவிட்டார் என்று நீ எழுதியதைப் படித்ததும் போனை எடுத்தேன். "வந்துடுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இதுவரை நீ முடித்த பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி உன் மேற்பார்வையாளர் இல்லை என்று வாரியத்துக்கும் எழுதிவிட்டார். மீதிக் காலத்துக்கு உன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மிஸ்ஸூலாக்காரரிடம் கேட்டிருக்கிறார். நீ அந்த ஊரை விட்டுப் போகத்தான் வேண்டியிருக்கும். கெடுத்தது நான். அவரைத் திட்டாதே.

சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம். நீ வந்தால் என் பக்கத்தில் நில். வராவிட்டாலும் நடக்கும்.

சிக்னி