நாற்பது விநாடி பறந்த விமானம்

மச்சான்,

இன்று காலை கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. மின்சாரப் பற்றரியில் ஓடும் சின்ன விமானம், இரண்டே இருக்கை. கீழே எழுதியிருந்ததை வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பற்றரியின் பாரம்தான் இன்னும் பிரச்சினையாம். முன்னேற்றம் மெதுவாகத்தான் வருமாம், பொறுமை வேண்டுமாம். முள்ளியவளையில் றேடியோ திருத்திக்கொண்டிருந்த நீ இருபது வருடத்துக்கு முன் சொன்னதை, இப்போது யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்கிறான்.

அப்போது சண்டை நின்றிருந்தது. ரெஜிபோம் என்ற வெள்ளைத் தக்கை அட்டையை வெட்டி இறக்கை செய்து, விளையாட்டுக் காரின் மோட்டரைப் பூட்டினாய். ரோச்லைற் பற்றரிகளோடு அது எழும்பவே இல்லை.

"மோட்டரின்ரை பெலன் காணும் மச்சான். பற்றரிதான் பாரம்."

வவுனியாவுக்குப் போய்ப் பழைய கைத்தொலைபேசிப் பற்றரிகள் இரண்டு வாங்கி வந்தாய். வெட்டி முடிந்த வயலில் ஒரு பின்னேரம் அது நாற்பது விநாடி பறந்தது. நான் எண்ணிக்கொண்டே பின்னால் ஓடினேன். "பற்றரி இன்னும் மெலியும். மனுசரும் இப்பிடிப் பறப்பினம், சத்தமே இல்லாமல்" என்றாய்.

பிறகு திரும்பவும் சண்டை மூண்டு பாதை பூட்டுப்பட்டது. வானத்திலிருந்து குண்டு விழத் தொடங்கியது. இறக்கையும் மோட்டரும் உள்ள ஒரு சாமானை உன் கடையில் எந்தப் பக்கத்தான் கண்டாலும் நீ தப்பமாட்டாய் என்று பயந்தேன். முறித்தெறி என்றேன். நீ மாட்டேன் என்றாய். நீ சந்தைக்குப் போன நேரம் நானே உள்ளே போய் முறித்து, கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். வந்து பார்த்தாய். கடைக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு எங்கள் தலைக்கு மேல் வண்டு சுற்றியது. ஆளில்லாத வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. அதன் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கர்க் குழிக்குள் விழுவோம். இன்றைய செய்தியில், பற்றரி விமானத்துக்குச் சத்தம் குறைவு என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். யாருக்குப் பெருமை? சத்தம் கேட்டதால்தானே நாங்கள் ஓடினோம்? ஆளைக் கொல்லப் போகிற சின்ன விமானங்களுக்குப் பற்றரி எப்போதோ மெலிந்துவிட்டது. அதற்கு மட்டும் ஒருவரும் பொறுமையாக இருக்கவில்லை.

கடைசியாக உன்னைக் கண்டது, ஊரை விட்டு ஓடி ஓடி எல்லோரும் வந்து ஒதுங்கிய கடற்கரை மணலில், உன் தறப்பாள் கூடாரத்தின் வாசலில். கஞ்சி வாங்க வாளியோடு வெளிக்கிட்டு நின்றாய்.

"இன்னும் கோவமோடா?" என்று கேட்டேன்.

"ஓம், கோவம்தான். என்ரை கையாலை முறிக்க விட்டிருக்கலாம் நீ."

"உன்னைக் காப்பாத்தத்தானே செய்தனான்."

"வந்து கதைப்பம்" என்று நடந்தாய்.

கஞ்சி வரிசைக்குள் ஷெல் விழுந்தது. உன்னை நான்தான் தூக்கி வந்தேன். அந்த மணலில் உன்னைப் புதைக்கக் கிடங்கு வெட்டியதும் நான்தான்.

காப்பாற்றுவதற்காக என்று சொன்னேனே, அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் என்னையே அடிக்க வேண்டும் போலிருக்கிறது. போகுமுன் நீ என்னை ஒருதரம் வாய் நிறைய ஏசியிருக்கலாம். அந்த ஏச்சுக்கு இன்னும் காத்திருக்கிறேன். ஏசாமல் போனாயே, உன்மேலும் எனக்குக் கோபம்தான்.