ஒரு லட்சம் பேர் ஆடிய துறைமுகம்

2025 ஆகஸ்ட் 4, திங்கள். திருப்போரூர்.

காலை டிரிப்பில் வண்டி பிதுங்கியது. இருபத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு சிறுசேரி வரை பிரேக்கில் கால் வைக்காமல் போனேன். ஓ.எம்.ஆரில் அப்படி ஓட்ட இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும்.

பின் சீட்டில் கேளம்பாக்கத்தில் ஏறிய இரண்டு ஐ.டி. பிள்ளைகள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஹார்பர் நைன் என்று ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம். கப்பல் ஓட்டி, துறைமுகம் கட்டி, ஊர் ஊராகச் சரக்கு விற்கவேண்டும். உலகம் பூரா ஆடிக்கொண்டிருந்ததை ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கொரியாக் கம்பெனி இழுத்து மூடிவிட்டது. இப்போது யாரோ ரகசியமாக மறுபடி ஓட்டுகிறாராம்.

"யாருன்னே தெர்ல மச்சான். நம்ம ஊர் ஆளாம்."

எனக்குத் தெரியும். என் தங்கை அமிர்தவல்லியின் மகன் பரணிதரன். இதே சிறுசேரியில்தான் சாப்ட்வேர் வேலை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வர நான் என்ன கல்லா? கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன்: "அது என் மாப்ள, தம்பி. ஐடியாவே நம்ம குடுத்ததுதான்."

இறங்கும்போது என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார்கள். எந்த டிரைவருக்கு நடந்திருக்கிறது இது?

ஐடியா நான் கொடுத்தது என்பது அப்படியொன்றும் பொய்யில்லை. அவன் ஏழாவது படிக்கும்போது முதல் கம்ப்யூட்டரை ரிச்சி தெருவில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் யார்? இந்தக் கண்ணாயிரம்.

ஆகஸ்ட் 9, சனி

சதுரங்கப்பட்டினம் போனேன், தங்கச்சி வீட்டுக்கு. பரணியும் வந்திருந்தான். செல்பி விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

"மாமா, கால்ல வேணா விழறேன். வெளிய சொல்லாதீங்க."

"ஏன்டா? மூடிட்டுப் பூட்டான். நீ தொறந்து வச்சிகினு கீற. நல்ல காரியந்தானே?"

அவன் விளக்கினான். சர்வரை ஓட்டும் புரோகிராம் இவனும் வெளிநாட்டு நண்பர்கள் நாலு பேரும் புதிதாக எழுதியதாம். ஆனால் கப்பல் படம், பாட்டு, ஆட்டத்தின் பெயர் எல்லாம் இன்றைக்கும் கம்பெனியுடையதுதானாம். மூடினாலும் உரிமை போகாதாம்.

நான் விடவில்லை. ஜன்னலைக் காட்டினேன். தெருக்கோடியில் டச்சுக்காரன் கோட்டை. "அவன் கட்டினான், உட்டுட்டு ஓடிட்டான். உள்ள ஆடு மேயுது. யார்னா கேக்கறானா?"

"ஆடு மேயலாம் மாமா. நீங்க ஒரு செங்கல்லப் பேத்துப் பாருங்க. வாசல்லயே போர்டு வச்சிருக்கான், எத்தினி வருஷம் உள்ளன்னு." பிறகு சொன்னான்: "நானும் ஆடு மாதிரி சத்தம் போடாம மேஞ்சிகினு கீறேன். ரெண்டே விஷயம். ஒரு பைசா வாங்கறதில்ல. பேரு வெளிய உடறதில்ல. அதனாலதான் கண்டுக்காம இருக்காங்க."

சட்ட நுணுக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டேன். வக்கீலுக்குப் படித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். சத்தியம் கேட்டான், செய்தும் கொடுத்தேன்.

அமிர்தா உள் அறையில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். சமையல் வீடியோ போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பரணி கேளம்பாக்கத்தில் பிளாட் வாங்கி 29ஆம் தேதி கிரகப்பிரவேசம். தாய்மாமன் நான் இருக்கிறேன், பிளெக்ஸ் இல்லாமலா? இருபதுக்குப் பத்து. பரணி கப்பல் முனையில் நிற்கிற மாதிரி. பின்னால் அந்த ஆட்டத்தின் சின்னம் — கடைக்காரன் நெட்டிலிருந்து பளபளவென்று எடுத்துப் போட்டான். "செத்த ஹார்பர் நைனுக்கு உயிர் கொடுத்த செம்மலே!" வாசகம் அடியேனுடையது.

சத்தியம் நினைவிருக்கிறது. வெளியே சொல்லாதே என்றான். இது சொந்தக்காரர்கள் பார்க்க வைப்பது. வெளி ஆகுமா?

பத்திரிகையில் "மொய் தவிர்க்கவும்" என்று போட்டுவிட்டான், கிறுக்கன். மொய் இல்லாத விசேஷம் எங்கே இருக்கிறது? பிளெக்ஸின் கீழே என் ஜிபே நம்பரின் கியூ.ஆர். கட்டத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். வருவதை அப்படியே தங்கச்சி கையில் கொடுத்து அசத்தவேண்டும்.

காசியம்மாள் போனில் டிசைனைப் பார்த்தாள். "இன்னாய்யா இது, புள்ள மூஞ்சி எலுமிச்சம்பழம் கணக்கா கீது, உன் மூஞ்சி பூசணிக்கா கணக்கா கீது. வூடு வாங்கினவன் யாரு?" கட்டிய மனைவிக்கே பொறாமை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சீர் வரிசை முப்பத்தொன்பது தட்டு. ஊரே நின்று பார்த்தது. ஓ.எம்.ஆர். டிராபிக் அரை மணி நேரம் நின்றுபோனது.

பிளெக்ஸ் மெயின் ரோட்டில். ஐ.டி. பிள்ளைகள் நின்று நின்று போட்டோ எடுத்தார்கள். ஹோமம் முடிந்து வெளியே வந்த பரணி பார்த்தான். "மாமா, இறக்குங்க." சாப்பாட்டுப் பந்தி முடியட்டும்டா என்றேன். அவன் சமையல்காரரிடம் கத்தி வாங்கிக்கொண்டு பட்டு வேட்டியோடு கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வயசுக்கு எனக்கு இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

தூக்கி வளர்த்த கை இது.

செப்டம்பர் 3, புதன்

பிளெக்ஸில் இருந்த நம்பரைப் பார்த்து ஒரு அம்மா போன் செய்தார். நல்ல தமிழ். பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிறாராம். இருபது நிமிஷம் பேசினேன். பரணி எனக்குச் செய்த அவமானத்துக்கு நான் அவனை உயர்த்தித்தான் பேசினேன். நான் அப்படிப்பட்டவன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பரணி போனை எடுக்கவில்லை. எட்டு தடவை அடித்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கொரியாக் கம்பெனிக்காக மெட்ராஸ் வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒன்பது பக்கம். அமிர்தா அழுதுகொண்டே சொன்னாள். செங்கல்பட்டு கோர்ட்டில் எனக்குப் பழக்கமானவர் வக்கீல் ராமதாஸ். பரணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

நான் கோட்டைக் கதையை எடுத்து விட்டேன். ராமதாஸ் சிரிக்கக்கூட இல்லை.

"கண்ணாயிரம், பூட்டிக் கெடக்கற வூடு. சொந்தக்காரன் பம்பாய்ல கீறான். நீ உள்ள பூந்து பெருக்கி, வெளக்கு ஏத்தி, நாலு பேருக்குத் தண்ணி குடுக்கற. நல்லவன்தான். ஆனா பட்டா யார் பேர்ல கீது?"

"பத்து வருஷம் வராத ஆளுக்கு இன்னாத்துக்கு சார் பட்டா?"

"அத்த சட்டத்தைப் போய்க் கேளு. பூட்டி வக்கறதும் அவன் உரிமைதான்." பரணி பக்கம் திரும்பினார். "தம்பி, காசு வாங்காம, சத்தமில்லாம ஓட்டியிருந்தா, நிறுத்துன்னு ஒரு லெட்டரோட முடிஞ்சிருக்கும். இங்க பாரு." பிளெக்ஸ் போட்டோவை மேஜையில் வைத்தார். "மேல அவங்க சின்னம். நடுவுல ஆட்டத்தோட பேரு. கீழ 'இங்கே செலுத்தவும்'. இது வியாபாரம்னு எழுதியிருக்காங்க. நஷ்டஈடு கேக்கறாங்க. கிரிமினலும் போடுவோம்ன்றாங்க."

"அது மொய் சார்" என்றேன்.

"மொய்யை இங்கிலீஷ்ல எப்டி எழுதறது சொல்லு, எழுதறேன்."

பிறகு தன் போனில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டார். நோட்டீஸோடு வந்ததாம். போனில் பேசிய அம்மா எழுதுகிறவர் இல்லை, அந்த வக்கீல் ஆபீஸ் ஆள். என் குரல். "ஒரு லட்சம் பேரு ஆடறாங்க மேடம்... ஆபீஸ்ல பத்து பேரு சம்பளத்துக்கு கீறாங்க... சேர்மன் நான்தான்." என் சிரிப்புச் சத்தம் வேறு.

பரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எரநூத்திப் பன்னெண்டு பேரு, மாமா" என்றான்.

கியூ.ஆர். யார் போட்டது என்று ராமதாஸ் கேட்டார். பிளெக்ஸ் கடைக்காரன் வேறு ஏதோ விசேஷத்துக்குச் செய்த கட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பரணி நிமிர்ந்து பார்த்தான். ராமதாஸ் எழுதிக்கொண்டார். பதிலில் அதைத்தான் போடப்போகிறாராம். பரணியின் ஆபீஸுக்கும் நோட்டீஸ் நகல் போயிருக்கிறதாம், அங்கேயும் அதே விளக்கம்தான்.

நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு நாளில் என்ன ஆகிவிடும்?

செப்டம்பர் 25, வியாழன்

சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பரணிக்கு வேலை போய்விட்டது. வெளியே தொழில் நடத்தக்கூடாது என்று ஆபீஸ் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். தொழிலே இல்லை என்று காட்ட, பிளெக்ஸ் கடையில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரன் கடிதம் கொடுக்கவில்லை. நான் அவனுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கொடுத்தான். "கியூ.ஆர பெர்சா போடுப்பா, ரோட்லர்ந்து ஸ்கேன் அடிச்சா காசு உழணும்." குடும்பமே சேர்ந்து பொய் சொல்கிறது என்று ஆகிவிட்டது. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

கடைக்காரனை வெட்டிப்போடலாம் என்று கிளம்பினேன். திருப்போரூர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவன் மேல் என்ன தப்பு?

சாயங்காலம் சதுரங்கப்பட்டினம். பரணி மாடியில். இறங்கி வரவில்லை. அமிர்தா காபி கொடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் நிறுத்தறான்ணா. நோட்டீஸ்ல தேதி போட்டுட்டாங்களாம்."

"போவுது உடு, ஒரு ஆட்டந்தானே."

அவள் என்னைப் பார்த்த பார்வை. "எனக்கு அங்க ஒரு கட கீதுண்ணா" என்றாள். "உப்புக் கட."

எனக்குத் தெரியாது. கொரோனாவில் மச்சான் போனபின் பரணி இவளுக்குக் கற்றுக்கொடுத்தானாம். அதற்காகத்தான் அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்து உயிர்ப்பித்தானாம். நாலு வருஷமாகத் தினம் காலையில் அந்தத் துறைமுகத்தில் கடை திறக்கிறாள். "பிரேசில்காரன் ஒருத்தன் தெனம் வருவான். பாஷ தெரியாது. 'அம்மா சால்ட்'னு போடுவான். ஒரு நாள் நான் வர்லன்னா தேடுவாங்கண்ணா."

நான் வாரத்துக்கு ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து போனவன். சமையல் வீடியோ என்று எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்கு நிறுத்தவேண்டும். பதினொன்றரைக்குப் போனேன். பரணி என்னைப் பார்த்தான், போகச் சொல்லவில்லை. நாற்காலியும் காட்டவில்லை. சுவரோரம் நின்றேன்.

முதல் தடவையாக அதைப் பார்க்கிறேன். இத்தனை நாள் பேசியதெல்லாம் பார்க்காமல் பேசியது. சின்ன ஊர். சின்னச் சின்னக் கப்பல். ஒரு ஓரத்தில் கூரை போட்ட கடை, வெள்ளைக் குவியல். கடல் நம்ம கடல் மாதிரி இல்லை, ரொம்பப் பச்சை. ஒவ்வொரு கப்பலாக வந்து கடைக்கு எதிரே நின்றது. மூலையில் ஒரு எண் ஏறிக்கொண்டே வந்தது. நூற்று எண்பது. இருநூறு. பதினொன்று ஐம்பதுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு மேல் ஏறவில்லை. அவ்வளவுதான் பேர். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எழுத்து ஓடியது. என்னென்னவோ பாஷை. நடுநடுவே அம்மா, அம்மா.

அமிர்தா ஒற்றை விரலால் தட்டினாள். போய்ட்டு வரேன்.

"வரேன்னு போடாதம்மா" என்றான் பரணி. "வர முடியாது."

"பின்ன போறேன்னா போடுவாங்க?" என்றாள். அழிக்கவில்லை.

பன்னிரண்டுக்குத் திரை கறுப்பானது. பரணி எல்லா பைலையும் அழித்து, அழித்ததற்கு அத்தாட்சியாக வக்கீலுக்குப் படம் எடுத்து அனுப்பினான். அமிர்தா எழுந்து அரிசி களையப் போனாள். நாலு வருஷத்துக்கு அந்தப் படம்தான் மிச்சம். கறுப்புத் திரை.

நவம்பர் 11, செவ்வாய்

விடாமல் மழை. செங்கல்பட்டு. நான் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் நஷ்டஈட்டைக் கைவிடுவதாகக் கம்பெனி வக்கீல் ஒத்துக்கொண்டிருக்கிறார். ராமதாஸ் சொன்னார்: "கண்ணாயிரம், நடந்தது மட்டும். ஒரு வார்த்த சேர்த்தியோ, நான் பைல மூடிட்டுப் போயினே இருப்பேன்."

டைப் அடிக்கும் அம்மா கேட்டுக் கேட்டு அடித்தார்.

படிப்பு? பத்தாவது என்று வாய் வரை வந்தது. எட்டாவது பெயில் என்றேன்.

தொழில்? வேன் டிரைவர். சொந்த வண்டியா? இல்லை.

பணம் யாராவது அனுப்பினார்களா? மூன்று பேர். மூவரும் சொந்தக்காரர்கள். மொய்.

ஆட்டத்தில் உங்கள் பங்கு? ஒன்றுமில்லை. ஒரு லட்சம் பேர் என்றது? நான் சொன்னது. எதற்காகச் சொன்னீர்கள்?

"சொல்லத் தெர்லன்னு அடிச்சிக்கம்மா" என்றேன். அப்படியே அடித்தார். இரண்டு பக்கம்கூட வரவில்லை. என் ஆயுசு இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

இன்னொரு தாள். பரணியும் நானும் இனி எங்கேயும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசமாட்டோம் என்று. அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

காசியம்மாள் ஈரச் சட்டையை வாங்கிக் காயப்போட்டாள்.

நவம்பர் 27, வியாழன்

பரணிக்கு ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பாதிச் சம்பளம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போன பிறகுதான் எனக்குத் தெரியும். பிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 15, திங்கள்

காலை டிரிப். பன்னிரண்டு சீட் வண்டி. ஒன்பது பேர் ஏறினார்கள். கேளம்பாக்கம் சிக்னலில் ஏழு நிமிஷம் நின்றேன்.

கேளம்பாக்கத்தில் பரணி பிளாட் வாசலில் ஒரு பிள்ளை ஏறினான். புதிதாக அங்கே குடிவந்தவன். முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நீங்க இந்த ஊராச்சே. ஹார்பர் நைன்னு ஒரு கேம். மூடினதை மறுபடி ஒருத்தர் ஓட்டினாராம். இங்கதான் இருந்தார்ன்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

சிறுசேரியில் எல்லோரும் இறங்கினார்கள். ஒன்பது பேர்.