ஜந்து பிறக்காத பண்ணை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பதினொன்றுதான். கணினி விளையாட்டில் என் ஆளைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் பதினொரு எலும்பு. என் கணக்குப்படி முந்நூறாவது இருக்க வேண்டும்.

விதிகளை மறுபடி எழுதிப் பார்க்கிறேன். அந்த உலகமே சதுரக் கட்டைகளால் ஆனது, தூரமும் கட்டைக் கணக்குதான். முழு இருட்டில்தான் ஆளைத் தாக்கும் ஜந்து பிறக்கும். நான் நிற்கும் இடத்திலிருந்து இருபத்து நான்கு கட்டைக்குள் பிறக்காது. நூற்று இருபத்தெட்டைத் தாண்டினால் மறைந்துவிடும். என்னைச் சுற்றி ஒரே நேரத்தில் எழுபதுக்கு மேல் இருக்காது, ஒன்று செத்தால்தான் இன்னொன்றுக்கு இடம். இந்த விதிகளை வைத்துக் கட்டிய இருட்டுக் கோபுரம்தான் பண்ணை. உள்ளே பிறப்பதைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்க் குழியில் போடும். விழுந்து சாகும். எலும்பும் வெடிமருந்தும் கீழே பெட்டியில் சேரும். நாலு தட்டு கட்டியாயிற்று. இருட்டு இருக்கிறது. தூரம் சரி. பிறகு எங்கே போய்த் தொலைகின்றன?

அக்கா இன்றும் பேசவில்லை. முப்பத்தோராம் நாள்.

மார்ச் 4, புதன்

தண்ணீர் ஓடும் பாதையை மாற்றினேன். ஒன்பது. இருந்ததும் குறைந்துவிட்டது.

மார்ச் 7, சனி

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்க்கிறேன்.

இந்தக் கட்டை உலகம் அக்காவும் நானும் எட்டு வருடமாகக் கட்டியது. அவள் வேறு ஊரில் நர்ஸ். நான் இங்கே கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். அவளுக்கு அதில் தண்ணீர் ஓரமாக ஒரு வீடு, சுற்றிலும் பூச்செடி. செடிக்கு எலும்புத்தூள் வேண்டும் என்று கேட்டவளே அவள்தான். சரி என்று அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் பண்ணையைக் கட்டினேன். முதல் நாள் மொத்தமே பத்து ஜந்துதான் பிறந்தது. அந்தப் பத்தில் ஒன்று, நான் அடைக்க மறந்த இடுக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. அதுவும் பச்சையன் – கிட்டே வந்து வெடிக்கிற ரகம். நேராகப் போய் அக்கா வீட்டுச் சுவரில் வெடித்தான். உள்ளே உட்கார்ந்திருந்த அவள் நாய் செத்துப்போயிற்று. அதன் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்தே இருக்கும், அதனால் அந்தப் பெயர். அந்த உலகத்தில் ஓநாய்க்கு எலும்பு போட்டுப் பழக்கினால் நாயாகிவிடும்.

அக்கா போன் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கென்னக்கா, ஓநாய் எங்க வேணா கெடைக்கும். ரெண்டு எலும்பப் போட்டா வேற ஒண்ணு புடிச்சிடலாம்" என்றேன்.

அவள் பட்டென்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் 'ம்' என்று ஒன்று வந்தது, பிறகு அதுவும் இல்லை. நாற்பத்தோரு வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே மேய்க்கிறவள், கட்டையில் செய்த நாய்க்காக ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாளா? பண்ணையும் புரியவில்லை, அக்காவும் புரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். "நீயாச்சு உங்கக்காவாச்சு, என்னை நடுவுல இழுக்காதப்பா. ஏற்கெனவே ஒரு மாசமா வீட்ல சமையல் என் தலையிலதான்" என்றார். ஏன் கோபம் என்று கேட்டேன். "அது உனக்கே தெரியணும்கிறா."

தெரியவில்லையே!

மார்ச் 11, புதன்

பேருந்து ஓட்டுநர் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். "தம்பி, ரோடே ஒரு பக்கமா சாஞ்சு தெரியுது." எடுத்துப் பார்த்தால், பத்து டிகிரியில் வைக்க வேண்டிய லென்ஸை நூறில் வைத்திருக்கிறேன். அவருடைய மருத்துவர் சீட்டின் பின்பக்கம் என் கையெழுத்தில் கோபுரக் கணக்கு. முதலாளி பார்த்துவிட்டார். திட்டவில்லை. "வீட்ல எல்லாரும் நல்லாதான இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பண்ணையைப் பற்றிச் சொன்னபோது கொட்டாவி விட்டாள். நாயைப் பற்றிச் சொன்னதும் கை நின்றது.

"அந்த நாய்க்குப் பேரு வச்சது யாரு?"

"அக்காதான்."

"இல்லீங்க, அத்தைதான் வச்சாங்க. மறந்துட்டீங்களா?"

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அக்கா கட்டில் ஓரத்தில் கணினியை வைத்துக்கொண்டு அந்த நாயைப் பழக்கினாள். அம்மா கண் விழித்துப் பார்த்து, "இதென்னடி, எங்க ஆபீஸ் மேனேஜர் மாதிரி ஒக்காந்தே கெடக்கு" என்றாள். அதற்குப் பிறகு அம்மா வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

நானும் அங்கதான இருந்தேன். ஜன்னல் பக்கத்துல ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு. சிரிச்சேன்கூட. எப்படி மறந்தேன்? ஆறு வருஷம்தான ஆச்சு. வேற ஒண்ணு புடிச்சிடலாம்னு சொன்னேனே – என்ன வாயி இது!

மார்ச் 16, திங்கள்

செய்தி எழுதி எழுதி அழித்தேன். எதை எழுதினாலும் சப்பைக்கட்டு மாதிரியே இருக்கிறது. கடைசியில் விளையாட்டுக்குள் போய் அவள் வீட்டு வாசலில் ஒரு பலகை நட்டேன். நாலு வரிதான் கொள்ளும், அதுவும் நல்லதாயிற்று.

அம்மா வச்ச பேர்னு
மறந்தே போயிட்டேன்
சிரிச்சது தப்பு
மன்னிச்சிடு அக்கா

அவள் அந்த உலகத்துக்கு இப்போது வருகிறாளா என்பதே எனக்குத் தெரியாது. அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் நான் கடையில் இருப்பேன்.

மார்ச் 19, வியாழன்

பலகை வைத்தபடியே இருக்கிறது. எலும்பு பதினொன்று. பார்த்தாளா, பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாளா? எது தேவலாம்?

மார்ச் 22, ஞாயிறு

இருநூற்று நாற்பது!

பெட்டி வழிந்து தரையெல்லாம் எலும்பு. நேற்று மூன்றாம் தட்டில் ஒரு கட்டையை மாற்றியிருந்தேன், அதுதான் காரணம் என்று வீடு முழுக்கக் கத்தினேன். சந்தேகம் வந்து அந்தக் கட்டையைப் பழையபடி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இருநூற்று முப்பத்தெட்டு.

அப்படியானால் அது இல்லை. வேறு எதையும் நான் தொடவில்லை. "வந்துச்சுல்ல, அப்புறம் என்ன?" என்கிறாள் மனைவி. தோற்றதற்குக் காரணம் தெரியாமல் ஒன்றரை மாதம் மண்டை காய்ந்தது. ஜெயித்ததற்கும் தெரியவில்லை என்பது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

முந்நூற்றுப் பத்து. சந்தோஷமே இல்லை.

மார்ச் 26, வியாழன்

தெரிந்துவிட்டது.

குன்றின் அடிவாரத்தில் புல்லுக்கு நடுவே நாலைந்து பலகைகள் பதித்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். நான் பதித்தவைதான். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. அக்கா விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு வருடம் முன்னால் மூடினேன். மூடியதோடு என் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டேன். பண்ணைக்குக் கீழே வெறும் பாறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பலகையைப் பெயர்த்து இறங்கினால் பெரிய குகை, மூன்று கிளை. எழுபதும் இங்கேதான் பிறந்து, சாக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. பிறகு மேலே கோபுரத்தில் எப்படிப் பிறக்கும்? இது பால பாடம். இதில் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஆனால் இப்போது குகையில் ஒரு ஜந்து இல்லை. வெளிச்சமாக இருக்கிறது. ஆறு கட்டைக்கு ஒரு தீப்பந்தம், எல்லாம் இடப்பக்கச் சுவரில். திரும்பும்போது பந்தம் வலப்பக்கம் வந்தால் வாசலை நோக்கிப் போகிறோம் என்று அர்த்தம். அப்படி வைப்பது அக்கா மட்டும்தான். பின்பக்கமாக எங்கேயோ குடைந்து இறங்கியிருக்கிறாள். இருநூறு பந்தத்துக்குக் குறையாது. குகை என்றாலே அலறுகிறவள். வாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறைதான். எத்தனை முறை செத்துச் செத்து எழுந்தாளோ.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது மன்னிப்பா, இல்லை, இன்னொரு பச்சையன் வந்துவிடக் கூடாது என்கிற ஜாக்கிரதையா? மூன்றாவது கிளையில் பாதிவழியில் பந்தங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் இருட்டு.

மார்ச் 29, ஞாயிறு

காலையிலேயே ஒரு கட்டுப் பந்தம் செய்து எடுத்துக்கொண்டு மூன்றாவது கிளைக்குப் போனேன். அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். நாலு வைத்திருப்பேன், போன் அடித்தது.

"டேய், எதுக்குடா வலப்பக்கம் வைக்கிற?"

ஐம்பத்தேழு நாள் கழித்து முதல் பேச்சு. "எங்கக்கா இருக்க?" என்றேன்.

"உன் பின்னாடிதான்."

திரும்பினேன். கையில் பந்தத்தோடு அவள் ஆள் நின்றுகொண்டிருந்தது.

"மேல கோபுரம் கோபுரமா கட்டத் தெரியுது, காலுக்குக் கீழ இருட்டா இருக்கான்னு பாக்கத் தெரியல. பலகையப் போட்டு மூடிட்டா இருட்டு போயிடும்னு எவன்டா சொன்னான்?"

"யாரும் சொல்லலக்கா."

வாசலில் நட்ட பலகையைப் பற்றி அவள் பேசவில்லை. எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. "எத்தனை தடவ செத்த?" என்று கேட்டேன்.

"நான் என்ன எண்ணிக்கிட்டா இருந்தேன்? பதினேழு."

"பயமா இல்லியா?"

"பயமில்லாம? ஒவ்வொரு வாட்டியும், டேய் வாடா, சீக்கிரம் வாடான்னு உன்னையத்தான் கூப்பிட்டுக் கத்தினேன். உங்க மாமா அடுப்படியிலேருந்து வந்து, அவன்தான் இல்லையே, யாரைடி கூப்பிடறேன்னு நிக்கறாரு."

அப்புறம் அவள் ஆள் என்னைத் தாண்டி முன்னால் போய் இருட்டில் நின்றது. நான் வைத்த நாலையும் பிடுங்கி இடப்பக்கம் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். போனை வைக்காமல், மதியச் சாப்பாடு வரை போய்க்கொண்டே இருந்தோம்.