கிடாக்கொம்பு சைக்கிளுக்கு ஒரு மாலை

ஊரே சிரித்த சைக்கிளில் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போன என் அன்பு மாப்ளே முருகேசா,

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. போடியில் ஒன்றும் மாறிவிடவில்லை. கடைத்தெருவில் அதே ஏலக்காய் வாசனை, முந்தல் ரோட்டில் அதே குழி, ஜீப் ஸ்டாண்டில் அதே வாய்ச்சவடால். மலைமேல் மெட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் என் ஜீப்பும் அதே இருமலோடுதான் காலையில் கிளம்புகிறது. ஆள் நிறையும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், ஸ்டியரிங்மேல் நோட்டை வைத்து இதை எழுதுகிறேன்.

செத்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. என் தங்கச்சி ராசாத்தியை உனக்குக் கட்டிக்கொடுத்த வருஷத்திலிருந்து உன் சைக்கிளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று நிறுத்தினால் நீயே நம்பமாட்டாய்.

அதெல்லாம் ஒரு வண்டியா மாப்ளே? மதுரையில் பழைய சாமான் கடையில் ஏதோ பந்தயச் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். கீழ்நோக்கி வளைந்து சுருண்ட கம்பி. அதை மூட்டை ஏற்றும் கறுப்புச் சைக்கிளில் மாட்டினாய். டயரும் லோடு வண்டியின் தடித்த டயர். மட்கார்டைக் கழற்றியாயிற்று, கேரியர் இல்லை, பெல் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. நிறுத்தவேண்டுமென்றால் சுவரைத் தேடி அலையவேண்டும். பரம்பரையாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் பரமனே அதற்கு வயர் பிரேக் மாட்டும்போது வெட்கப்பட்டுக் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டான். கிடாக்கொம்பு என்று அதற்குப் பேர் வைத்தவன் நான்தான். ஒரே வாரத்தில் சிலமலை வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது.

நீ எஸ்டேட்டில் சூப்பர்வைசர். மேலே போக என் ஜீப்பில் முன் சீட்டை உனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். மரியாதையாக உட்கார்ந்து போயிருக்கலாம். லீவு விட்டால் குரங்கணிப் பக்கம், பொட்டிபுரத்துக் கரட்டுப் பக்கம் என்று கல்லிலும் முள்ளிலும் அந்தக் கொம்பைப் பிடித்துக் குனிந்துகொண்டு போவாய். எதற்கு என்று கேட்டால், பாதை எங்கே போகிறது என்று பார்க்கத்தான் என்பாய். பாதை எங்கே போகும்? யாராவது ஒருவனுடைய தோட்டத்துக்குப் போகும். இல்லையென்றால் பாறையில் முட்டிக்கொண்டு நிற்கும். இதைப் பார்க்க ஒரு மனுஷன் முழங்காலைப் பெயர்த்துக்கொள்வானா?

எனக்கு எரிந்ததெல்லாம் ராசாத்திக்காக. மற்ற வீட்டுப் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு, புருஷன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து சினிமாவுக்குப் போவார்கள். என் தங்கச்சி நடந்து போவாள். நீ பக்கத்தில் அந்தக் கோணல் வண்டியை உருட்டிக்கொண்டு வருவாய். சாப்பாட்டுத் தூக்கை மாட்டக்கூட அந்த ஹேண்டில்பாரில் இடம் கிடையாது, வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும்.

எழுபதுகள் முடியும் சமயம், ஒரு ஆடி மாதம், ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பந்தயம். நடந்தது என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தலுக்குப் பழைய கழுதைப் பாதை ஒன்று இறங்குகிறதே, ரோடு வருவதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டை இறங்கிய பாதை. அதில் ஒரு இடத்தில்கூட இறங்கி உருட்டாமல், என் ஜீப்பு ரோட்டைச் சுற்றி வருவதற்குள் முந்தலில் நிற்பேன் என்றாய். எல்லாரும் கேட்க நான் சொன்னேன்: “அப்படி நீ வந்துட்டா, ஆயுத பூசை அன்னிக்கு ஜீப்புக்குப் போடுற மாலையை உன் கிடாக்கொம்புக்குப் போடுறேன் மாப்ளே.” டீக்கடையே கைதட்டியது. ஜீப்புக்காரன் வண்டியைப் பட்டினி போட்டாலும் போடுவான், ஆயுத பூஜைக்கு மாலை இல்லாமல் விடமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் நான் ஆட்களோடு முந்தலில் இறங்கும்போது நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய். முழங்காலில் ரத்தம், சட்டையெல்லாம் சேறு. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஜீப்பை விட்டு இறங்கி, வழியில் உன்னை இரண்டு இடத்தில் பார்த்ததாகவும், இரண்டிலும் நீ உருட்டிக்கொண்டு வந்ததாகவும் சொன்னேன். நீ டீ டம்ளரைக் கீழே வைத்தாய். 

“மச்சான் பார்த்தாருன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாய்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் அதற்கு உருட்டுவண்டி என்று இன்னொரு பேர். வளைந்த ஹேண்டில்பார் மலைக்கு ஆகாது என்று சைக்கிளே ஓட்டத் தெரியாதவனெல்லாம் தீர்ப்புச் சொன்னான். நம் ஊர்க்காரர்களின் அறிவைப் பற்றி என்ன சொல்ல? பிறந்ததிலிருந்து மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள், செருப்புத் தேயும் என்று ஏறமாட்டார்கள். ஏறுகிறவனைப் பற்றிப் பேச மட்டும் அவர்களுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கும்.

பல வருஷம் கழித்து நீ காமாலையில் படுத்தாய். அதற்கும் சைக்கிளைத்தான் சொன்னார்கள். மலைத் தண்ணீர், வெயில், பித்தம் என்று ஆளுக்கொரு காரணம் பேசினார்கள். கடைசி நாளில் உன் அண்ணனைக் கூப்பிட்டு, வண்டியை மச்சானுக்குக் கொடுத்துவிடு என்றாயாம். எதற்கு மாப்ளே என்னிடம் கொடுக்கச் சொன்னாய்? எத்தனை நாளாக யோசித்து வைத்திருந்தாய்?

இனி நீ பார்க்காத கூத்தைக் கேள். கருமாதி அன்று, காரியம் செய்த உன் அண்ணனுக்குத் தலையில் கட்ட உருமால் துண்டோடு வந்தேன். கட்டி முடித்ததும் அவர் என்னைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வாசலில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. நேரான ஹேண்டில்பார், கேரியர், பெல், மட்கார்டு, செயின் கவர். சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறைகூட. சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்தத் தடித்த டயரைப் பார்த்துத்தான் உன் வண்டி என்று தெரிந்தது.

இறந்தவன் பொருளை அப்படியே கோணலாகக் கொடுத்தால் சம்பந்தி வீட்டுக்கு மரியாதை இல்லை என்று பங்காளிகள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்களாம். பதினாறு நாளில் ராசாத்தி ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. உன் ஹேண்டில்பாரை மாற்ற மட்டும் ஆறு பேர் கூடியிருக்கிறார்கள்.

உன் அண்ணன் சொன்னார்: “நீங்கதானே மச்சான் கண்ணால பாத்துச் சொன்னீங்க, அந்தக் கம்பி மலைக்கு ஆகாதுன்னு. அதான் சரி பண்ணிட்டோம்.”

அந்தக் குஞ்சம் ஆட ஆட வண்டியை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன் மாப்ளே. 

இப்போது ஊருக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அன்று தூறல். ஜீப்பில் படுதாவை இறக்கிவிட்டிருந்ததால் பின்னால் இருந்தவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. சுனை இருக்கும் வளைவில் கழுதைப் பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. அங்கே நீ என் கண்ணுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தாய். கொம்பின் அடிவளைவைப் பிடித்து, உடம்பைத் தாழ்த்தி, இரண்டு காலும் பெடலில். உருட்டவில்லை. வழுக்குக்கல்லில் வண்டி ஆடியது, நீ ஆடவில்லை. ஒரு மூச்சு விடுவதற்குள் மறுபக்கம் இறங்கிவிட்டாய். நான் பிரேக்கை மிதித்து ஜீப்பை நிறுத்திவிட்டேன். என்ன ஆச்சு என்று பின்னாலிருந்து கேட்டார்கள். மாடு என்று சொன்னேன். உன்னை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கீழே வந்து பொய் சொன்னேன்.

கருமாதிக்கு மறுநாள் காலையில், ஹேண்டில்பாரை மாற்றிக்கொடுத்த பரமன் கடைக்குப் போனேன். உன் கொம்பைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, அதில் பழைய டியூபுகளைத் தொங்கவிட்டிருந்தான். கழற்றிக் கொடு என்றேன். வேண்டாத சாமான் எதற்கு என்றான். அவனை அன்று நான் பேசிய பேச்சு, பாவம், அவன் அப்பனையும் சேர்த்துப் பேசியது. மத்தியானத்துக்குள் கேரியர், பெல், குஞ்சம் எல்லாம் போய், வண்டி மறுபடியும் பார்க்கச் சகிக்காததாக ஆனது.

அதை உருட்டிக்கொண்டு ராசாத்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும்ணே. அன்னிக்கே அவுக சொல்லிட்டாக. நீ பிரேக்கு போட்ட சத்தம் அவுகளுக்குக் கேட்டுச்சாம். ஜீப்பை நிறுத்திப் பாத்தாருல்ல, அது போதும்னாக.”

இத்தனை வருஷம் என் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து, என் கிண்டலுக்கெல்லாம் சிரித்தாயே. தெரிந்துகொண்டே சிரித்தாயா? நான் இளக்காரமாகப் பேசவேண்டிய ஆள் ஜீப் ஸ்டாண்டில் ஒருவன்தான் இருந்திருக்கிறான், அவன் என் ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தான்.

வண்டியை ஓட்டிப் பார்த்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. இந்தக் கம்பியைப் பிடித்துக் குனிய மனுஷனுக்கு முதுகெலும்பு இருக்கக்கூடாது போலிருக்கிறது. அது பார்க்கவும் அசிங்கம், ஓட்டவும் அசிங்கம். அந்த அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் வருகிற ஆயுத பூஜை அன்று ஸ்டாண்டில் எல்லா வண்டியும் வரிசையாக நிற்கும்போது, என் ஜீப்பு வெறுங்கழுத்தோடு நிற்கும். மாலை உன் கொம்பில் கிடக்கும். ஏன் என்று கேட்பார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நீ ஒரு இடத்திலும் உருட்டவில்லை என்று சொல்வேன். இது சத்தியம் மாப்ளே.

சுனை வளைவில் உன்னைப் பார்த்தவன்,
உன் மச்சான் தவசி