சாமைக் காட்டில் நின்றவர்

வத்தல்மலை,
ஞாயிறு.

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலாமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் வாங்கித் தந்த புது கேமராவோடு இன்று காலை முதன்முதலாகக் குருவிகளைப் படமெடுக்கப் போனேன். சாமைக் காட்டின் நடுவில் ஒருவர் அசையாமல் நின்றார். “ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்று இரண்டு தரம் கேட்டேன். களை எடுத்துக்கொண்டிருந்த செல்லி, என் வகுப்புப் பிள்ளையின் அம்மா, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அது பொம்மைங்க டீச்சர். குருவி வரக்கூடாதுன்னு நட்டு வச்சிருக்கறோம்ங்க!”

குருவி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பொம்மையைத்தான் விதவிதமாக எடுத்தேன். அதற்கும் உங்களுடையதைப் போலவே நீலக் கட்டம் போட்ட சட்டை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மேலே போட்டுக்கொள்ள அந்தச் சட்டையை அனுப்பி வையுங்கள்.

பஸ் வந்துவிட்டது, கடிதத்தை டிரைவரிடம் கொடுக்க ஓட வேண்டும். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

சுகுணா