ரவியின் வலது கையில் ஒரு சென்சார்

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே வெயில். தில்லை நகர் ஆய்வகத்தில் ஏ.சி. ரிப்பேர். வியர்த்தால் சென்சார் ஒட்டாது. தீப்பெட்டி அளவுதான் ஒவ்வொன்றும், வயர் கிடையாது. தோலில் ஒட்டினால், அடியில் தசை வேலை செய்வது லேப்டாப்பில் கோடாக வரும். தசை சும்மா இருந்தால் கோடு படுத்தே கிடக்கும்.

தோள்வலி ஆய்வுக்குக் கைலாசபுரத்திலிருந்து இரண்டு வெல்டர்கள். ஒருவருக்கு ஒரே கூச்சம். "கரன்ட் அடிக்காதுங்களே மேடம்?" அடிக்காது என்றேன். "வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

வாங்க: ஸ்பிரிட், பஞ்சு, டேப், ரவிக்குப் பட்டன் இல்லாத சட்டை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பின்னால் ஒரு அம்மா: "அம்மா மண்டபத்துல, காவேரில காலு நனையக்கூடத் தண்ணி இல்லடி." வீட்டில் என் கணவர் ரவி டி.வி. முன்னால். சத்தம் வைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

ரவிக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அடுத்த மாதம் போக வேண்டும். போன வருடம் காட்டூரில் லாரி இடித்ததில் ரவியின் தோள் நரம்புகள் அறுந்துவிட்டன. வலது கை தொங்குகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பை எடுத்துக் கையை மடக்கும் புஜத் தசையில் இணைத்தார்கள். "ஒரு வருஷம் பாருங்க. அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா..." டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். நான் பிசியோதெரபிஸ்ட். மீதி எனக்குத் தெரியும்.

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பாலுக்கு உறை ஊற்றினேன்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பிடும்போது கேட்டேன். "நாளைக்கு லேபுக்கு வரீங்களா? யாரும் இருக்க மாட்டாங்க."

இடது கையால் ஸ்பூனைத் தட்டில் வைத்தார். "எதுக்கு? என்னை வச்சு தீசிஸ் எழுதப்போறியா?"

"இல்லங்க. எனக்குத் தெரியணும்."

"எனக்குத் தெரிய வேணாம்."

அவ்வளவுதான். ரசத்தில் உப்பு அதிகம். அவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

மார்ச் 15, சனி

நான் எழுந்தபோது ரவி தானே சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் போனோம். எங்கள் பேராசிரியை சாவி கொடுத்திருந்தார்: "உன் ஆய்வுல மட்டும் இதச் சேத்துடாதம்மா."

ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டினேன். புஜம் மிகவும் இளைத்திருந்தது. தினமும் நான் சட்டை மாட்டிவிடும் கைதான். வேறு யாருடையதோ போல இருந்தது.

"மடக்கிப் பாருங்க." கோடு படுத்தே கிடந்தது. இன்னொரு தடவை. அப்படியே. அவர் சுவரைப் பார்த்தபடி, "போதும், எடுத்துடு" என்றார்.

விலா நரம்பு மூச்சுக்கானது. புஜத்தில் இணைத்த பிறகும் முதலில் மூச்சுக்குத்தான் பதில் சொல்லும். "மூச்ச நல்லா இழுங்க," என்றேன்.

கோடு எழுந்தது.

நெஞ்சு அசைவதால் இருக்கலாம். இடது கையிலும் ஒன்று ஒட்டினேன்; நெஞ்சசைவு என்றால் அதிலும் எழ வேண்டும். இழுக்கச் சொன்னேன். இடதில் ஒன்றுமில்லை, வலதில் எழுந்தது. மறுபடி. மறுபடி.

"என்ன வருது?"

"உங்க தசை."

"கை அசையலயே."

"அசையல. ஆனா நரம்பு போய்ச் சேந்துடுச்சு."

சொல்லாமலே இழுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று. இருமிப் பார்த்தார், கோடு துள்ளியது. சிரித்துவிட்டார். அதற்கும் துள்ளியது. ஆறேழு மாதமாக இந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சென்சாரில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "நல்ல சேதிதாம்மா. கை மடங்கலாம். எவ்வளவு மடங்கும்னு இப்ப சொல்ல முடியாது. இந்த மூச்சுப் பயிற்சிய விடாம பண்ணச் சொல்லுங்க."

மார்ச் 17, திங்கள்

இன்று ஆய்வுக்கு யாரும் வரவில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன். கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

குக்கர் வைத்துவிட்டு உள்ளே போனால், ரவி கண்ணை மூடி மூச்சிழுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, "இங்க வா" என்றார். என் கையை எடுத்துத் தன் வலது புஜத்தின் மேல் வைத்துக்கொண்டார். இழுத்தார்.

"தெரியுதா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "இல்லங்க," என்றேன்.

"எனக்கும் தெரியல," என்றார். மறுபடி இழுத்தார்.

விசில் வந்தது. கையை எடுக்கவில்லை.