ரேஷன் கடையில் ஒரு சுண்டுவிரல்

“டீச்சர், அந்த மெஷினு என் விரலை ஒத்துக்கிடலன்னா புஸ்தகத்துல என்ன போட்டுருக்கு?”

அக்கா, நீங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் தவறு. இன்று காலை மும்பையில் சுனாபட்டி ரயில் ஸ்டேஷன் வாசலில் அது மறுபடியும் நினைவுக்கு வந்தது. என் செருப்பின் வார் பிய்ந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து செருப்புத் தைப்பவர் டப்பாவைத் திறந்து, பிய்ந்த இடத்தில் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவினார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் தாராவியில் உங்கள் மாடி அறையில் இருந்தேன்.

வாரத்தில் ஆறு நாள் அந்த அறையில் நீங்கள் பர்ஸ் ஒட்டுவீர்கள். தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து, விரல்களால் அழுத்திப் பிடிப்பீர்கள். சாயங்காலம் விரலில் ஒட்டிக் காய்ந்த பசையைத் தின்னர் தொட்டுத் துடைப்பீர்கள். பசையோடு கொஞ்சம் தோலும் உரிந்து வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறை காலி. உங்கள் மகள் செல்வியும் அவளுடைய தோழிகள் இருவரும் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியபோது, இடம் கொடுத்தது நீங்கள்தான். முனிசிபல் பள்ளியில் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னையும் நீங்களே வந்து அழைத்தீர்கள்.

“ஞாயித்துக்கெழம ரூமு சும்மாதான கெடக்கு. ரெண்டு நல்ல வார்த்தை அந்தச் செவுத்துலயும் படட்டுமே, டீச்சர்.”

அரசின் நலத்திட்டங்கள் பகுதியை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் தமிழில் பேசுவார்கள், தமிழில் வாசிக்கத் திணறுவார்கள். நான் சொல்லச் சொல்ல ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதுவார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்: யாருக்கு, என்ன, எந்தச் சட்டம், எந்தத் துறை. நீங்கள் சர்ச் முடிந்து வந்து, படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பீர்கள்.

அன்று உணவுப் பாதுகாப்புத் திட்டம். செல்வி மூச்சு விடாமல் நான்கு கட்டத்தையும் ஒப்பித்து முடித்தாள். நான் “சபாஷ்” என்றேன். அப்போதுதான் மூலையிலிருந்து உங்கள் கேள்வி வந்தது. ரேஷன் கடையில் இரண்டு மாதமாக உங்கள் விரல் பதியவில்லை என்பதோ, மாதக் கடைசிக்குள் விரல் வைத்துச் சரிபார்க்காவிட்டால் கார்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பதோ எங்களுக்குத் தெரியாது. செல்வியிடமும் நீங்கள் சொல்லவில்லை. வெங்காயத் தோலை ஊதித் தள்ளிக்கொண்டு, “பேரு போயிருமாம்” என்றீர்கள்.

“சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுப் போங்க அக்கா, பதிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த திட்டத்துக்குப் போனேன். கணக்கு வராத பிள்ளையோடு மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. உங்களுக்கு ஒரு நிமிடம்கூட நான் உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினீர்கள். சோப்புப் போட்டது போதாது என்று, குதிகால் தேய்க்கும் கல்லாலும் தேய்த்திருக்கிறீர்கள். விரல் நுனிகள் சிவந்திருந்தன.

“படிச்சவுக சொன்னாவளேன்னு கழுவுனேன். இருந்த ரேகையும் போயிட்டு, டீச்சர்.”

செல்விக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ஏம்மா, என்ட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“நீ சர்க்காரையே நடத்தப்போற பிள்ள. ஒன் அம்மைக்க விரலுக்கு எல்லாமா மீட்டிங் போடுவ?” என்று சிரித்தீர்கள். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் நீங்கள், செல்வி, நான் மூவரும் ரேஷன் கடை வரிசையில் நின்றோம். விதியைக் காட்ட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று நான் பாடப் புத்தகத்தைப் பையில் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, “இத எதுக்கு டீச்சர் சொமந்துட்டு வாறிய? சரி, தாங்க, வெயிலுக்கு ஆவும்” என்று வாங்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டீர்கள். அந்தத் தடித்த புத்தகம் அன்று செய்த உருப்படியான வேலை அதுதான்.

கடைக்காரர் உங்களைப் பார்த்ததுமே, “மவுசி, ஃபிர் ஆ கயீ?” என்றார், மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று. விரலைத் தொட்டுப் பார்த்தார். “ஏக்தம் சூக்கா ஹை.” கை காய்ந்து கிடக்கிறது, காய்ந்த விரலை மெஷின் வாசிக்காது என்று விளக்கினார். அதாவது, நான் சொன்ன வைத்தியம் நோயை வளர்த்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குனிந்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் நின்ற ஒரு பெண், “விரலைத் தலையில தேயுங்கக்கா, எண்ணெப்பசை ஏறும். நா மாசாமாசம் அப்பிடித்தான் வாங்குதேன்” என்றாள். இன்னொருத்தி, “அந்த டீச்சரம்மா தலையில தேயுங்க, ஒரு செக்கு எண்ணெ இருக்கு!” என்றாள். வரிசையே சிரித்தது. நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் என் வகிட்டில் பெருவிரலைத் தேய்த்து மெஷினில் வைத்தீர்கள். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. நடுவிரல், சிவப்பு. வலது கையில் அந்த மூன்றும் முடிந்து இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டியும் வைத்தாயிற்று. பின்னாலிருந்து “சலோ, சலோ” என்று குரல் எழுந்தது.

செல்வி ஹிந்தியில் வாதாடினாள். விரல் பதியாதவர்களை அதற்காக மட்டும் திருப்பி அனுப்பக் கூடாது, வேறு வழியில் சரிபார்க்க விதி உண்டு என்றாள். கடைக்காரர் கெட்டவரல்லர். “ரூல் ஆஃபீஸ் மே ஹை, பேட்டா. மேரே பாஸ் மஷின் ஹை” என்றார். விதி அலுவலகத்தில் இருக்கிறது, என்னிடம் மெஷின்தான் இருக்கிறது. நான் அதுவரை எந்தக் கட்டத்திலும் எழுதாத உண்மை அது.

நாங்கள் அவரோடு பேசிக்கொண்டிருக்கையில் நீங்கள் உங்கள் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு காற்றிலேயே ஒரு பர்ஸை மடித்து ஒட்டுவதுபோல் விரல்களைக் குவித்தீர்கள். மற்ற விரல்கள், அங்கே இல்லாத தோல் துண்டை அழுத்தின. சுண்டுவிரல் மட்டும் எதிலும் படாமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

“இந்தப் பய ஒரு நாளும் வேல பாத்ததில்ல, டீச்சர். இவனையும் ஒரு வாட்டி கேட்டுப் பாக்கட்டுமா?”

அதுவரை யாரும் உங்களிடம் சுண்டுவிரலைக் கேட்டதில்லை. என் தலையில் அதை ஒருமுறை தேய்த்து, மெஷினில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். செல்வி உங்கள் விரலைப் பிடித்து முத்தமிட்டாள். நீங்களோ, “சோம்பேறிப் பயலால சோறு கெடச்சிட்டு பாத்தியா” என்று பையை விரித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு நோட்டில் ஐந்தாவது கட்டம் போடச் சொன்னேன். தலைப்பு உங்கள் வார்த்தைதான்: ‘ஒத்துக்கிடலன்னா?’ செல்வி அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். அந்தக் கட்டத்தை வீட்டிலிருந்து நிரப்ப முடியாது. முதியோர் உதவித்தொகை என்றால், அதற்கு அலைகிற ஒருவரோடு போய் நின்றுவிட்டு வந்துதான் எழுத வேண்டும். தள்ளியிருக்கும் சீத்தா கேம்ப் குடிசைப்பகுதி வரை போய்வந்தார்கள் பிள்ளைகள். நாற்பது வருடம் பாடம் நடத்தியவளுக்குப் பாடம் நடத்தும் விதத்தை மாற்றிக் கொடுத்தீர்கள். இதற்கு உங்களிடம் ஒருநாளும் முறையாக நன்றி சொன்னதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

போன மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, செல்வியும் நானும் அதே ரேஷன் கடைக்குப் போனோம், கார்டிலிருந்து உங்கள் பெயரை எடுக்க. ஒவ்வொரு விரலாக வைத்துக் காப்பாற்றிய பெயர். செல்வி என்னை எதுவும் கேட்காமல் படிவத்தைத் தானே நிரப்பினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “சோட்டி உங்லீவாலீ மவுசி?” என்றார். சுண்டுவிரல் சித்தியா என்று கேட்டார். செல்வி தலையசைத்தாள். அவர் எழுந்து நின்று அந்தக் காகிதத்தை வாங்கினார்.

அவள் முதல் பரீட்சையில் தேறவில்லை, அக்கா. மறுபடி எழுதப் போகிறாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமைகளில் உங்கள் சந்தில் விரல் தேய்ந்தவர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். அவள் முதலில் கார்டைக் கேட்பதில்லை. “என்ன வேலை பாக்குறீங்க? செஞ்சு காட்டுங்க” என்கிறாள். காற்றில் அவர்கள் செய்துகாட்டும்போது, எந்த விரல் சும்மா இருக்கிறது என்று பார்க்கிறாள்.

செருப்பைத் தைத்து வாங்கி வீட்டுக்கு வந்து தலை வாரும்போது, நீங்கள் விரல் தேய்த்த வகிட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

அக்கா, இந்த மடலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுப்பேன்; அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்த திட்டத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், அதற்காக அலைகிற ஒருவரோடு அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று, கவுண்டர் வரை நடந்துவிட்டு வாருங்கள்.